லிட்டர் கணக்கு

வண்ணார்பேட்டையில் பிரம்மநாயகத்தின் செட்டில்
அந்த வேன் நின்றது.
முன்பு ஆம்புலன்ஸ்.
புது நீலப் பெயின்ட்டுக்கு அடியில்
இடவலம் மாறிய எழுத்துகள்
வெயில் சாய்ந்தால் தெரிகின்றன.
உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு,
கை கழுவச் சின்னத் தொட்டி, இரண்டு இழுப்பறை.
குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியை மட்டும்
கழற்றாமல் விட்டிருந்தார்.
"லைட்டு மாட்டிக்கிடலாம்லா."

செல்வின் பல் செட்டு செய்கிறவர்.
அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.
பல்லை அளக்கும் வெர்னியரால்
கட்டில் பலகையின் கனத்தை அளந்துகொண்டிருந்தார்.
கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதுகிற நான்
ஒன்றே ஒன்று கேட்டேன்:
லிட்டருக்கு எவ்வளவு?
"ஒம்பது குடுக்கும்க்கா. ஏசி போடலேன்னா பத்து."
சொல்லிவிட்டுத் தகரக் கூரையைப் பார்த்தார்.

அன்று இரவிலிருந்து
எனக்கு எந்த ஊருக்கும் கிலோமீட்டர் கிடையாது.
போக வர, குற்றாலம் பதின்மூன்று லிட்டர்.
உவரி, அந்தோணியார் கோயில் வாசல் வரை, பன்னிரண்டு.
கன்னியாகுமரி பத்தொன்பது,
சூரியன் உதித்தாலும் மேகம் மூடினாலும்.
மூணாறு வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.
கூந்தன்குளம் எட்டரை.
அங்கே மங்கோலியாவிலிருந்து
வரித்தலை வாத்து வந்து இறங்கியிருக்குமாம்.
அதனிடம் யார் பில் கேட்கிறார்கள்.

வாங்கச் சீட்டுப் பணம் இருக்கிறது.
"யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிப்பானா?"
என்கிறார் செல்வின், பாயை உதறிக்கொண்டே.
அங்குசம் ஒரு தரம் வாங்கினால் போதும்.
யானை தினமும் தின்னும்.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இருட்டில் வெகுநேரம் விழித்துக் கிடந்தார்.

சனிக்கிழமை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கப் போனோம்.
முள் சிவப்பில் கிடந்தது.
"அது வேல செய்யாது சார், நீங்க மிதிங்க."
ரெட்டியார்பட்டி மலையை வெட்டிப் போட்ட சாலை தாண்டி
ஒரு இருமல், இன்னொரு இருமல்,
பிறகு வண்டி
உடைமர நிழலில் தானே ஒதுங்கி நின்றுகொண்டது.
முள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

பிரம்மநாயகம் தலையைச் சொறிந்தார்.
"ரெண்டு லிட்டர்தான் போட்டு வச்சேன்க்கா.
வாரவுக எல்லாரும் ஓட்டிப் பாத்துட்டு
வீட்ல கேட்டுச் சொல்லுதோம்னு போயிருதாவ.
விக்கிற வெலைக்கு நானும் எத்தன பேருக்கு ஊத்த?"
வழியில் வந்த ஒரு பைக்கில்
கேனோடு தொற்றிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம்.
பின்கதவைத் திறந்து வைத்தோம்.
அடுப்பு எரிந்தது, ஆச்சரியம்தான்.
என் பையில் டீத்தூள் இருந்தது.
ஏன் எடுத்து வந்தாய் என்று அவர் கேட்கவில்லை.
பால் இல்லாத டீ.
கொக்கியில் என் பையைத் தொங்கவிட்டேன்.
இதில் படுத்துப் போனவர்கள் ஒருவரும்
மைலேஜ் கேட்டிருக்க மாட்டார்கள்.
லாரிகள் கடக்கும்போதெல்லாம்
கட்டில் லேசாக ஆடியது,
நாங்கள் எங்கோ போய்க்கொண்டிருப்பதைப் போல.
செல்வின் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டினார்.
வெள்ளாடு ஒன்று வந்து
எங்களை வாங்குவதா வேண்டாமா என்பதுபோலப் பார்த்துவிட்டு
உடைங்காயைத் தேடிப் போனது.

சாயங்காலம் செட்டில் வைத்து
நான்தான் சொன்னேன், கட்டாது என்று.
பிரம்மநாயகம் கோபப்படவில்லை.
"அடுத்த வாரம் இன்னும் ஏறும்னு சொல்லுதாவ" என்றார்,
டீசலைச் சொன்னாரா வண்டியைச் சொன்னாரா, தெரியவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது செல்வின் சொல்கிறார்,
வெர்னியரை அந்த இரண்டாவது இழுப்பறையில்
வைத்து மறந்துவிட்டாராம்.
பதினெட்டு வருஷமாக
சட்டைப்பையை விட்டு இறங்காத வெர்னியர்.
நாளை போய் எடுக்க வேண்டும். என்னையும் வரச் சொல்கிறார்.

நோட்டை எடுத்து எழுதி வைத்தேன்:
வண்ணார்பேட்டை, டவுன் பஸ், போக வர.
அவருக்கு இருபது ரூபாய்.
எனக்கு டிக்கெட் இல்லை.
லிட்டர் என்ற இடத்தில்
ஒரு கோடு.