கடலுக்கு எத்தனை நிமிசம்

கரண்ட் பில்லின் பின்பக்கம்
பருத்தித்துறை என்று ஒரு புள்ளி,
காரைநகர் என்று ஒரு புள்ளி.
இடையில் மதுஷா அடிமட்டம் வைக்காமல் இழுத்த கோடு
தொண்டைமானாற்றடியில் பேனை விக்கி
மறுபடி ஓடுகிறது.

கொக்குவிலில் இருந்து சுற்றித் திரும்பினால்
நூறு கிலோமீற்றர் சொச்சம்.
ஒரு போயா நாளில் ஓடி முடிக்கலாம்.
திட்டம் போடத்தான்
மூன்று கிழமை ஆகிவிட்டது.

வான் கோண்டாவில் அருள்நேசனுடையது.
ஏசி போட்டால் ஒரு விலை,
யன்னலைத் திறந்தால் ஒரு விலை.
"திறவுங்கோ" என்றாள் பாமினி,
"கடற்காத்துக்கும் காசு குடுக்கிறதோ?"

மயிலிட்டிப் பக்கம் றோட்டு எப்படி என்று
மூன்று பேரிடம் கேட்டேன்.
ஒருவர், ஓம், போகலாம் என்றார்.
ஒருவர், பஸ் மட்டும்தான் என்றார்.
மூன்றாமவர் கொஞ்சம் இருமிவிட்டு
"இப்ப ஏன் அங்காலை?" என்று கேட்டார்.
அந்த இடத்தில் மட்டும்
மதுஷா கோட்டைப் புள்ளி புள்ளியாக்கினாள்.

பிறகு சண்டை.
கிழக்கிலிருந்து மேற்கே போனால் கடல் வலப்பக்கம்.
வலப்பக்கத்து யன்னல் மூன்றே மூன்று,
ஒன்று றைவருக்கு.
"மற்றப்பக்கமாச் சுத்தினால்?" என்றான் யதுர்சன்.
சுற்றினால் கடல் இடப்பக்கம் வரும்,
சண்டையும் கூடவே இடம் மாறி இருக்கும்.
மாமாவுக்குக் கடலே வேண்டாம்,
கால் நீட்ட இடம் வேண்டும்.

இரவு எல்லாரும் படுத்த பின்
நேரக்கணக்கை நான் எடுத்தேன்.
பாங்கில் இருபத்திரண்டு வருசம்.
ஐந்து ரூபாய் உதைத்தாலும் நித்திரை வராத ஆள்.

ஐந்தரைக்கு வெளிக்கிடுதல்.
(ஐந்தரை என்று சொன்னால்தான் ஆறேகாலுக்கு.)
இடியப்பம், சம்பல், அவித்த முட்டை, இருபது நிமிசம்.
பருத்தித்துறையில் தட்டை வடை இரண்டு பை, பத்து.
யதுர்சனுக்கு வாந்தி, இரண்டு தரம், தரத்துக்கு ஐந்து.
சொப்பிங் பை ஏழு.
வல்வெட்டித்துறையில் பாமினியின் தங்கை வீடு,
தேத்தண்ணி, பலகாரம், "இருங்கோவன்",
வாசலில் நின்று கதைக்கிறது உட்பட
ஒன்றேகால் மணித்தியாலம்.
கீரிமலையில் மாமா முழுக, காய, திருநீறு பூச.
மத்தியானச் சோறு.
டீசல்.
கக்கூசு, நாலு இடம், பாமினி விசாரித்து வைத்தவை.
வீடு, மாலை ஆறரை.

கூட்டினேன். ஒரு நிமிசம் உதைக்கவில்லை.
காலையில் தாளை மேசையில் வைத்தேன்,
கையெழுத்து மட்டும்தான் குறை.

பாமினி வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.
"எல்லாம் சரி," என்றாள்,
"கடலைப் பாக்கிறது எத்தினை மணிக்கு?"

நான் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் இருக்குமோ என்று.
அங்கே போன மாத யூனிற், நிலுவை, கட்டவேண்டிய திகதி.

நாற்பது நிமிசமாவது வேண்டும்.
எங்கே வெட்டுவது?
வாந்தியை வெட்ட முடியாது.
மாமா முழுகுவதை வெட்டினால்
அவர் ஒரு வருசம் கதையார்.
பேனை ஒவ்வொரு வரியாக இறங்கி
வல்வெட்டித்துறையில் போய் நின்றது.
என் பேனை இல்லை. பாமினியின் பேனை.

"யன்னலைச் சாத்திக்கொண்டு
அந்த ஒழுங்கையைக் கடந்திடுவம்.
அவளுக்கு ஒருதரும் சொல்லாதேங்கோ."
சொல்லி வாய் மூடவில்லை,
போன் அடித்தது. தங்கைதான்.

"அக்கா, லீவுக்கு எங்கையும் போறியளோ?"
"சீ, எங்கை போறது.
இவருக்கும் முதுகு ஏலாது."

நல்லாயிருந்த என் முதுகை நிமிர்த்தினேன்.
பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் கதைக்கவில்லை.
அவளுடைய வீடு கரையில். பின்கதவு திறந்திருக்க வேண்டும்.
போனுக்குள் ஒரு அலை வந்து விழுந்து
கல்லுக்குள்ளால் வடிந்து போவது கேட்டது.
இன்னொன்று.
இன்னொன்று.

"அக்கா? லைன்ல நிக்கிறியளோ?"

பாமினி பதில் சொல்லாமல்
போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி
மற்றக் கையால்
வெட்டிய வரிக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டாள்.