ஐந்தில் இரண்டு

கோகுல் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:
"அப்பாவோடதுங்க. ஓடுது.
மேல் பொத்தானை அமுக்கினாத்தான் மூச்சு வாங்குது.
விக்கறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துருங்க."
அப்பா பேரைக் கேட்டு ரசீதில் எழுதினேன்.
வெங்கிடபதி, டைம் ஸ்டடி ஆபீசர்,
வரதராஜபுரத்து மில்.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.

பின்மூடிக்குள் யாரோ ஊசியால் கீறியிருந்தார்கள்:
ஏழு, எழுபத்திநாலு.
அதற்கப்புறம் எவரும் திறந்த அடையாளமில்லை.
எண்ணெய் வேப்பம்பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது.

கழுவித் துடைத்து மறுபடி பூட்டி
டைமிங் மெஷினில் வைத்தேன்.
வீச்சு இருநூற்று அறுபத்தைந்து.
மேல் பொத்தான். கிளிக்.
இருநூறுக்கும் கீழே.

இணைப்புச் சக்கரம் ஆழமாய்க் கடிக்கிறது.
மையம் தப்பிய திருகு ஒன்று,
கொட்டமுத்தில் நூற்றில் ஒரு பங்கு இருக்கும்,
அதை எள்ளுமுனை அளவு திருப்ப வேண்டும்.
திருப்பினேன். அதிகம்.
முள் கிளம்பும்போதே ஒரு துள்ளல்,
சுங்கம் சிக்னலில் கிளட்சை விட்ட டவுன் பஸ் போல.
பாதி திரும்பி வந்தேன்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும்.
தெரியாவிட்டால் பாரம். மிகத் தெரிந்தால் நழுவும்.
நடுவில் சிறுவாணித் தண்ணீர் வந்தது.
ஆறு குடம் பிடித்து வைத்துவிட்டு
ஈரக் கையைத் துடைத்து மறுபடி குனிந்தேன்.
இருநூற்று நாற்பது. போதும்.

அப்புறம்தான் அந்த முள்.
கீழ்ப் பொத்தானுக்குப் பன்னிரண்டில் வந்து நிற்காமல்
இரண்டு கோடு தள்ளி நின்றது.
ஒரு கோடு, நொடியில் ஐந்தில் ஒன்று.
பத்துத் தடவை அமுக்கினேன்.
பத்துத் தடவையும் அதே இடம்.
இடம் மாறி மாறி நின்றால்
சுத்தியலைச் சந்தேகப்படலாம்.
ஒரே இடத்தில் நிற்கிற தப்பு
முள்ளைச் சொருகியவனுடையது.
ஏழு, எழுபத்திநாலு.

கோன் வைண்டிங்கில் அறுந்த நூலை முடிய
நாலு நொடிதான் கணக்கு.
எழுபத்தாறில் அம்மாவுக்கு மெமோ வந்தது:
சராசரி நாலு புள்ளி நாலு, கை மந்தம்.
ரேஷன் கார்டு உறைக்குள் மடித்தபடி
இன்னும் இருக்கிறது.
ஐந்தில் இரண்டைக் கழித்தேன்.
விரல் விட்டும் ஒருமுறை கழித்துப் பார்த்தேன்.

மணி பதினொன்றரை.
இருகூருக்குப் போன் போட்டேன்.
"அம்மா, அந்தாளு வாச்சு தப்பு. நீ மந்தமில்ல."
அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம்.
அப்புறம் மாராத்தாள் சிரித்தாள்.

"வாச்சு எப்படியிருந்தா என்ன அம்மிணி?
அவரு பொத்தான்ல வெரல வெச்சாருன்னா
நாங்க அத்தன பேருமே
சித்தெ நிதானமாத்தான் முடிவோம்.
வெரசாக் காட்டுனா
அடுத்த மாசமே கோன ஏத்திருவாங்கல்லோ?
அவரு அக்கட்டால போனா ரெண்டு செகண்டு.
அந்த ராசாத்தி இருந்தாளே, அவ ஒண்ணரை.
மெமோ எங்க எல்லாத்துக்கும்தான் வந்துச்சு.
போச்சாது, படு."

வைத்துவிட்டாள்.

முள்ளை நெம்பி எடுத்தேன்.
கீழ்ப் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி
சுத்தியல் இதயத்தை அழுத்தி நிற்கையில்
பன்னிரண்டுக்கு நேராக வைத்து இறக்கினேன்.
பத்துத் தடவை. பத்துத் தடவையும் பூஜ்யம்.

தையல் பெட்டியிலிருந்து
இருபதாம் நம்பர் நூல் ஒரு முழம் எடுத்து
நடுவில் அறுத்தேன்.
பொத்தானை அமுக்கிவிட்டு முடிந்தேன்,
வலது நுனி மேலே, இடது நுனி கீழே,
அம்மா எப்போதோ காட்டியது.

ஒன்பது நொடி.
யாரும் பக்கத்தில் நிற்கவில்லை.
வாட்சும் சரியாகத்தான் ஓடுகிறது.

ரசீதில் எழுதினேன்:
சர்வீஸ், எண்ணெய், முள் நேராக்கியது.
நிமிட முள் இருபதைத் தாண்டும்போது
லேசாகத் தயங்குகிறது.
அதையும் கோகுலிடம் சொல்லிவிட வேண்டும்,
வாங்குகிறவர் கேட்பார்.