விரவல்

மஞ்சக்குப்பத்தில் மாடியறை.
கீழே ஜெராக்ஸ் கடை, அதன் சூடு என் தரைக்கு ஏறிவரும்.
தாளின் இடப்பக்கம் கம்பெனிகள்
வலப்பக்கம் பள்ளிக்கூடங்கள்
நடுவில் கோடிழுப்பது என் உத்தியோகம்.

ஐஸ் பேக்டரிக் கணக்கர் ரஹ்மத்துல்லாவுக்கு
தேவனாம்பட்டினம், ஏழாம் வகுப்பு, பின்னம்.
விடியலில் மீனைப் பங்கு பிரிக்கும் வீட்டுப் பிள்ளைகள்
அவரை இரண்டு இடத்தில் திருத்தினார்களாம்.
சிரித்துக்கொண்டே சொன்னார், போனில்.

முந்திரி ஏற்றுமதி எப்சிபா மேடத்தை
ஆங்கிலம் பேசவைக்க அனுப்பினேன்.
பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத்
தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.
'பாடம்' என்ற கட்டத்தில் 'தாழ்ப்பாள்' என்றே எழுதினேன்.
தணிக்கைக்கு வந்தவர் சிவப்பில் வட்டமிட்டார்.

நகைக்கடைக்காரர்கள் பேனரோடு வந்தார்கள்.
ஜியாமெட்ரி பாக்ஸ் நாற்பது, போட்டோ அறுபது.
இருந்தது இருபது நிமிஷம்.
ஒரு மணி என்று போட்டேன்.
அந்தப் பொய் இன்றும் என் கையெழுத்தில் இருக்கிறது.

தில்லைநாயகம்,
ரசாயன ஆலை, பாதுகாப்பு அதிகாரி.
ஆலைக்கு அடுத்தே ஒரு பள்ளி, உப்பனாற்றுக் கரையில்.
தூரம் குறைவு, பெட்ரோல் மிச்சம் என்று
நான்தான் சேர்த்துவைத்தேன்.
காற்று எந்தப் பக்கம் வீசும் என்று
என் தாள் எப்போதும் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்பு பி பிரிவு. வாயுக்கள்.
மேசைமேல் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திவைத்து
வாசம் வந்ததும் கையைத் தூக்குங்கள் என்றாராம்.
முதல் பெஞ்ச் தூக்கியது.
மூன்றாவது.
கொஞ்சம் பொறுத்துக் கடைசி.
இதுக்குப் பேருதான் விரவல் என்றார்.
எல்லாக் கைகளும் இறங்கிய பிறகும்
யோகதர்ஷினியின் கை இறங்கவில்லை.

"சார், ராத்திரி ரெண்டு மணிக்கு
எங்க வீட்டுக்கு ஒரு வாடை வருதே
அது எந்த பெஞ்சுலேருந்து வருது?"

துடைத்திருந்த பலகையை
அவர் இன்னொரு முறை துடைத்தார்.

ஃபிலோமினா டீச்சர் நிரப்பி அனுப்பிய படிவம்:
மணி 2.
மாணவர் கேட்ட கேள்வி 1.
பதில் என்ற இடத்தில் பேனா தொட்ட ஒரு புள்ளி.

ஆலையிலிருந்து கடிதம் வந்தது.
அன்னாருக்கு வேலைப்பளு.
வகுப்புக்குப் பதில் வண்ணம் பூசித் தருகிறோம்.
பன்னிரண்டு பேர் வந்தார்கள், ஒரே நிற டீசர்ட்டில்.
சுவரெல்லாம் வான நீலம்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
அந்த மாதம் என் தாளில் அதுதான் முதலிடம்.

பிறகொரு சனிக்கிழமை
திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி
கழுத்தில் அட்டையில்லாமல் அவர் வந்திருக்கிறார்.
கையில் நாற்பது பக்க நோட்டு,
ஒரு மூங்கில் குச்சி, நுனியில் கட்டிய துணி நாடா.
ஸ்கேல் வைத்து அவரே கோடு போட்டாராம்:
தேதி, நேரம், நாடா பறந்த திசை,
அழுகின முட்டையா, பழுத்த பேரிக்காயா, நகப்பூச்சா,
எழுதியவர்.
நோட்டை அவளிடம் நீட்டி
"நான் உக்காந்திருக்கிற பெஞ்சுலேருந்துதாம்மா" என்றாராம்.

திங்கட்கிழமை பதிவேற்ற உட்கார்ந்தேன்.
நிறுவனம்: கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்.
வெறுமையாக விட்டால் சிவக்கிறது.
ஆலைப் பெயரைப் போட்டேன், அழித்தேன்.
தனியாள் என்று போட்டேன், அதுவும் பொய்யாகப் பட்டது.
கடைசியில் 'விடுப்பு' என்று அடித்தேன்.
விடுப்பு என்றொரு கம்பெனி இருப்பதாக நம்பி
பச்சையில் டிக் விழுந்தது.

இனி மணிக்கணக்கு.
ஃபிலோமினா டீச்சரை அழைத்து
எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை,
பக்கம் புரளும் சத்தம் மட்டும்.

"நேத்து ராத்திரி ரெண்டு பத்துக்கு எழுதியிருக்கா.
தென்கிழக்கு. பேரிக்காய்.
நீங்க ஆரம்பிச்ச நேரத்தை மட்டும் போடுங்க."