எட்டாயிரத்துக்கு மேலே

முப்பத்திரண்டு வருட ஈரம் குடித்த நாடா.
அப்படியே ஓட்டினால் பசையாய் உரிந்துவிடும்.
காளான் உலர்த்தும் பெட்டியில்
ஐம்பத்து நான்கு டிகிரியில் எட்டு மணி நேரம்
வாட்டி எடுத்தேன்.
தம்பெரே நகரத்து என் சின்ன ஸ்டுடியோ முழுக்க
போன செப்டம்பர் காட்டின் வாசனை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.
பதினோராம் கிடங்கு என்றொரு குழு. ஒரே ஆல்பம்.
அதன் பெயர், நவம்பருக்கு எதிராக ஒன்றுமில்லை.
அட்டையில் நான்கு பையன்கள், நான்கு கறுப்புக் கோட்டுகள்.
ஒருவன் கைமடிப்பில் மட்டும்
விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.

பதினாறு வயதில் இதைக் கேட்டுவிட்டு
மூன்று நாள் யாரோடும் பேசவில்லை நான்.
இன்றைக்கு மறுபதிப்புக்காகக் கூலிக்குக் கேட்கிறேன்.
கூலிக்குக் கேட்கிற காதுக்கு இரக்கம் கிடையாது.

முதல் பாட்டு தொடங்குவது மழையில்.
அது மழையல்ல,
வாணலியில் எதுவோ பொரிகிறது.
இரண்டாவதில் பேஸ் கிடார்
சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே;
அதை விரக்தி என்று எழுதின அன்றைய பத்திரிகைகள்.
மூன்றாவதில் இலாரி பாடவில்லை,
எதிரொலிக்குள் ஒளிந்துகொண்டு கூப்பிடுகிறான்.
இருட்டு என்ற சொல்
நாற்பது நிமிடத்தில் பத்தொன்பது முறை.
டிசம்பரில் ஒன்பதரைக்கு விடிகிற ஊரில்
இருட்டைச் சொல்லிக் காட்ட வேண்டுமா?
ஒப்பாரிக்குக்கூட ஒரு கணக்கு உண்டு,
மூச்சு வாங்க இடம் விட்டுத்தான் அழுவார்கள்.

இறக்குமதித் துக்கம் என்று நோட்டில் எழுதினேன்.
எழுதியபின்
அந்தப் பதினாறு வயதுக்காரி முதுகுக்குப் பின்னால் நின்று
படித்துவிடுவாளோ என்று
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆறாவதுக்கு எழுதக் கை வரவில்லை.
பாட்டு சுமார்தான், சொற்களில் உப்புச் சப்பில்லை.
ஆனால் டிரம்ஸ்
நான்காவது அடியை ஒவ்வொரு முறையும்
ஒரு இமைப்பொழுது பிந்தித் தருகிறது,
கடனை எண்ணிக் கொடுப்பவன்
கடைசி நோட்டைச் சற்றே பிடித்துக்கொள்வதுபோல.
மற்ற மூவரும் அந்தப் பிடியில்தான் நிற்கிறார்கள்.
பதினாறில் இது என் காதில் விழவே இல்லை.

மதியம் டிரம்மர் பெர்த்து வந்தார்.
இருபத்தேழு வருடம் காகித ஆலை.
இரண்டு காதிலும் கருவி.
கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.
"இதோடு கேட்டால் எல்லாம் தகரம்."
ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

நாடாவின் இரைச்சல் சீறிக்கொண்டிருந்தது,
எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே.
"சுத்தமாக எடுத்துவிட்டாயே!" என்று சந்தோஷப்பட்டார்.
நான் அதை இன்னும் தொடவே இல்லை.

ஆறாவது வந்ததும் கையை எடுத்துவிட்டார்.
"ஹீட்டர் இல்லாத அறை. விரல் விறைத்து
குச்சி எழும்பவில்லை. நாலாவது அடி பிந்திக்கொண்டே போனது.
இலாரி திட்டினான்.
இப்போது சரிசெய்ய முடியுமா?
கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே."

முடியும். தனித்தனித் தடங்களாக இருக்கின்றன.
அடிகளைக் கட்டத்துக்குள் இழுத்துவைக்க
பதினைந்து நிமிடம் ஆகும்.

"முடியாது" என்றேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.
"முதல் பாட்டில், அது மழை இல்லை, தெரியுமா?"
"தெரியும்."
"சாசேஜ். மைக்கை அடுப்புக்கு மேலே பிடித்தது நான்தான்.
எடுத்து முடித்ததும் தின்றுவிட்டோம்."

மணி மூன்றரை. ஜன்னலில் இருட்டு.
இரைச்சலைக் குறைக்காமல்
முதல் பாட்டை மறுபடி ஓடவிட்டேன்.
இரண்டாம் நிமிடத்தில் சத்தம் கொஞ்சம் மாறுகிறது.
வெங்காயம் போட்டிருப்பார்கள்.