லைன் கிளியர்

ஐப்பசி மழை. இரவு ஒன்பது நாற்பதுக்கு
கீழ்க்கோத்தகிரி ஃபீடர் விழுந்தது.
சில்வர் ஓக் ஒன்று கம்பிமேல் சாய்ந்துவிட்டதாம்.
சப்ஸ்டேஷனில் நான் மட்டும்.
ஹீட்டர் ஒன்று, அதுவும் ஒரு பக்கம்தான் எரியும்.
பெண்ணை இரவு ஷிஃப்டில் போடலாமா என்று
யூனியன் போன வருடம் ஒரு லைன் எடுத்தது,
பிறகு ஆள் பற்றாக்குறையில் அதை மறந்தது.

கம்பத்தடியிலிருந்து பெள்ளிராஜ் கூப்பிடுகிறார்:
"மேடம், லைன் கிளியர் கொடுங்க."

பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரை இழுத்து,
எர்த் செய்து, சாவியை டிராயரில் போட்டுப் பூட்டி,
எண் சொல்கிறேன். நூற்று நாற்பத்தேழு.
நேரம் பத்து இரண்டு.
அவர் திருப்பிச் சொல்கிறார்.
இனி அது வெறும் அலுமினியம்,
குருவி உட்காரலாம், மனிதன் தொடலாம்.

நான் பிறந்ததும் லைனில்தான்.
ஏழாம் நம்பர், மூன்றாவது கதவு.
பன்னிரண்டு கதவுக்கு ஒரே தகரக் கூரை,
ஒரு வீட்டில் இருமினால் பன்னிரண்டும் விழிக்கும்.
மண்டபம் முகாம் வழியாக மலையேறிய அம்மா
அதை லயம் என்பாள்.
துரைமார் சொன்ன சொல்
கடலுக்கு அந்தப் பக்கமே எங்கள் வாயில் ஊறி
அப்படி ஆகியிருந்தது.

லயமென்றால் தாளத்தின் ஒழுங்கு,
ஒன்றில் ஒன்று கரைவது என்றார்
ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியர்.
கையைத் தூக்கினேன்.
"ரெண்டு கக்கூஸ் இருக்குமே சார், அது."
வகுப்பே சிரித்தது.
அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றார்.

கல்லூரிப் பஸ்ஸில் ஒருத்தன்
மூன்று மாதம் லைன் அடித்தான்.
வீடு எங்கே என்று கேட்டான்.
ஏழாம் நம்பர் லைன் என்றேன்.
மறுவாரம் முன்வாசல் வழியாக ஏறினான்.

தேயிலைக்குள் மட்டும் அந்தச் சொல் நுழையவில்லை.
அங்கே அம்மா பிடித்தது நிரை.
கூடையும் அட்டைப்பூச்சியுமாக
ஒரு நாளைக்கு எத்தனை நிரை என்பதுதான் கணக்கு.
யாப்பில் நேர், நிரை என்று வந்தபோது
எனக்கு நிரை சட்டென்று புரிந்தது.
நேர்தான் கடைசிவரை பிடிபடவில்லை.

பத்து ஐம்பத்தொன்று. போன்.
மழையும் ரம்பமும் கலந்த இரைச்சலுக்குள்
ஒரு பையன் குரல், புதிதாகச் சேர்ந்த ஒப்பந்த ஆள்:
"லைன் கிளியர் மேடம்! லைன் கிளியர்!"

வேலை முடிந்தது,
அனுமதியைத் திருப்பித் தருகிறார்கள் என்று
என் கை டிராயருக்குப் போய்விட்டது.
சாவி விரலில் சில்லென்று பட்டது.
"நம்பர் சொல்லுப்பா."
"என்ன நம்பர் மேடம்?"
"பெள்ளிராஜ் எங்கே?"
"மேலதான் இருக்காரு. மரத்தை எடுத்தாச்சு,
லைன் கிளியரா இருக்குன்னு சொல்லச் சொன்னாரு."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு
இரண்டு கையையும் ஹீட்டரில் காட்டினேன்.
எரியாத பக்கம் என்று வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பதினொன்று முப்பத்தெட்டு.
பெள்ளிராஜின் குரல், கம்பத்தின் கீழிருந்து:
"நூற்று நாற்பத்தேழு ரிட்டர்ன். நாலு பேரும் தரையில்."
நாலு பேரின் பெயரையும் கேட்டேன்.
வழக்கத்தில் கேட்பதில்லை.
பெள்ளிராஜ், சந்தனசாமி, ஹாலன், அந்தப் பையன் லோகிதன்.
சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

சார்ஜ் செய்தேன். தாங்கியது.
இரண்டு நிமிடத்தில் அம்மா:
"லயத்துக்கு லைட்டு வந்துருச்சு, நீ செஞ்சதா..."
லைன் கட்டாகிவிட்டது.

பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம்.
மரம் என்று எழுதினேன்.