வேகாத ஒயில்

அநுராதபுரச் சந்தியில் என் கடை.
மூன்று தட்டு ஒயில், ஒரு தட்டு பிரேக் வயர்,
கல்லாவுக்கு மேலே போன வருசக் கலண்டர்.
பாலையூற்றுக் கிளரன்ஸ் மத்தியானம் வந்தான்,
பாண் ஓட்டோவின் பாட்டை நிறுத்தாமலே.
"முதல்ல அதை நிப்பாட்டும்."

நிப்பாட்டினான்.
அளவுகம்பியை உருவி நீட்டினான்.
நுனியில் பால்தேத்தண்ணி.
விரலில் தொட்டுத் தேய்த்தேன்,
வழுக்கவில்லை.
மணந்தால் கலியாணவீட்டின் பின்வளவு.

ஏழு மாசமாய் எதனோலில் ஓடுகிறான்.
பெற்றோல் வரிசையில் நின்ற ஒரு நாள்
அறுபது இறாத்தல் காய்ந்து போனதாம்,
அந்தக் கோபத்தில் மாற்றியது.
"நான் குடியை விட்டு நாலு வருசம்,
இப்ப இது குடிக்குது அக்கா."
மட்கோவில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னதாம்.
ஊதினான். ஒன்றுமில்லை.
திரும்பவும் ஊதச் சொன்னதாம்.

"நல்ல தடிச்ச ஒயிலாப் பாத்துத் தாங்கோ."

எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள்.
மழைக்குச் சாக்கு போர்த்துகிற மாதிரி
தடிப்பில் மனிதருக்கு ஒரு நம்பிக்கை.
நான் சொன்னேன்:
எதனோல் தண்ணியை இழுக்கிற சாமான்.
மார்கழியில் இந்தத் துறைமுகக் காற்றைப்
பிழிந்தால் ஒரு வாளி வரும்.
எரிந்த மிச்சமும் அந்தத் தண்ணியும்
கீழே ஒயிலுக்குள் இறங்கிப் புளிக்கும்.
புளிப்பு பெயாரிங்கைத் தின்னும்.
தடிப்பு அதைத் தடுக்காது,
காரம்தான் தடுக்கும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
கலன்களின் முதுகை வாசித்தேன்.
ஒன்றில் காரஎண் ஆறு. ஒன்றில் ஒன்பதரை.
பொன்நிறக் கலன், பாயும் குதிரைப் படம்:
அதில் எண்ணே இல்லை.
திரும்பத் தட்டில் வைத்தேன், குதிரை சுவரைப் பார்க்க.

ஒன்பதரையை எடுத்தேன்.
"எவ்வளவு ஓடலாம்?"
"மற்றவைக்கு மூவாயிரம் கிலோமீற்றர்.
உமக்கு ஆயிரத்தைந்நூறு."
சட்டைப்பையில் இருந்த தாள்களை
இரண்டு தரம் எண்ணினான்.

எங்கெங்கே ஓடுகிறாய் என்று கேட்டது
விலையிலிருந்து அவன் கண்ணை எடுக்கத்தான்.
உவர்மலையில் பதினான்கு நிறுத்தம்.
லிங்கநகரில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒன்று.
பாட்டு, இரண்டு இறாத்தல், சில்லறை,
அரைக் கட்டை தூரம், திரும்பப் பாட்டு.
சொல்லிக்கொண்டே போனவன் நடுவில் நின்றான்.

"அப்ப எஞ்சின் வேகவே இல்லை."

"என்ன?"

"மா புளிக்கேக்கயும் இதே சாமான்தான் அக்கா ஊறும்.
ஈஸ்ட் சீனியைத் தின்னும், சாராயம் விடும்.
போறணைக்குள்ள போனா அது பறந்திரும்.
அரைவாசியில எடுத்தா
மேல பாண், உள்ள களி."

பதினேழு வருசம் கலன்களின் முதுகை வாசித்தவள் நான்.
ஒரு முதுகிலும் இது இல்லை.
கன்னியாக் கிணற்றுச் சூடுகூட
அந்த எஞ்சினுக்கு ஏறியிருக்காது.
பிறகெங்கே தண்ணி ஆவியாகும்?

இப்போது தினமும் பத்து மணிக்கு
பெட்டி வெறுமையானதும்
பாட்டை அணைத்துவிட்டு
நிலாவெளி வரை ஒரே ஓட்டம்.
உப்புவெளியில் கைகாட்டுகிறார்கள்,
சல்லித் திருப்பத்தில் ஒரு பெண்
காசோடு றோட்டுக்கே இறங்கி விடுகிறாள்.
அவன் தலையை மட்டும் ஆட்டுகிறான்.
பாண்காரன் நிற்காமல் போகிறான் என்று
அங்கே ஒரு கதை உலாவுகிறது,
கடன்காரருக்குப் பயந்து ஓடுகிறானாம்.

நேற்று வந்தான். கம்பியில் தேன் நிறம்.
முகமெல்லாம் பல்.
"நிறத்தை நம்பாதையும்," என்றேன்,
"எதனோல் கரி விடாது.
செத்த ஒயிலும் வெள்ளைச்சட்டையோடதான் கிடக்கும்.
கிலோமீற்றரை எழுதி வையும்."
பெட்டிக் கதவில் சோக்கட்டியால் எழுதினான்.

மூடியின் உட்புறத்தில் மட்டும்
இன்னும் கொஞ்சம் வெள்ளைப் பசை.
அது பழசா, புதுசா?
தெரியாது என்று சொன்னேன்.
ஒரு சீனிப் பணிஸை மேசையில் வைத்துவிட்டு
பாட்டைப் போட்டுக்கொண்டு போனான்.