வால் நீளம்

கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.
மீனா என்றார்.
ரத்தம் என்றேன்.
சில்லறை எண்ணும் கை ஒரு நொடி நின்று
லக்கேஜ் டிக்கெட் கிழித்தது.

அண்ணன் சாளை ஏற்றும் தெர்மோகோல் பெட்டி.
நாலு தடவை சோப்புப் போட்டும்
தக்கலை தாண்டும்வரை
முன்சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.
ஐஸுக்குள் பன்னிரண்டு குழாய்:
ஆறில் என் ரத்தம்,
ஆறில் என் ரத்தமும் சீந்தில் சாறும்.

கொடி அறுத்தது மருந்துவாழ்மலை அடிவாரத்தில்,
பொற்றையடிப் பக்கம் ஒரு மாமரத்திலிருந்து.
அறுத்த துண்டை எங்கேயாவது தொங்கப்போட்டு
மறந்துவிட்டால்
காற்றிலேயே வேர் இறக்கும்.
அதற்குச் சாகத் தெரியாது.

திருவனந்தபுரத்தில் காமா அறை
குழாய்களை வாங்கிக்கொண்டது. நாலு கிரே.
வெளியே நான் ஒரு டீ குடித்து முடிக்கவில்லை,
திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நாகர்கோவில் லேபில்
செல்களைக் கூழில் உறையவைத்துக் கரண்டு பாய்ச்சினால்
உடைந்த டி.என்.ஏ. ஓடும்.
முழுசாக இருப்பது இடத்திலேயே இருக்கும்.
இருட்டறையில், பச்சைச் சாயத்தில்,
ஒவ்வொரு செல்லும் ஒரு வால்நட்சத்திரம்.
வாலை அளந்தால் காயத்தை அளந்த மாதிரி.

ராத்திரி பதினொன்றரைக்கு
என் ரத்தம் என் கண்ணெதிரே எரிந்து பறந்தது.
சீந்தில் கலந்ததில் வால் குட்டை.
சிலவற்றில் வாலே இல்லை.
பௌர்ணமி என்று எழுதி
அடித்துவிட்டு
எண்ணை மட்டும் எழுதினேன்.

மூன்றாம் தடவை ஒன்றும் வரவில்லை.
மழைக்குப் பிறகு அறுத்த கொடி.
அதையும் எழுதினேன்.

சின்னவிளையில் எங்கள் வீட்டுச் சுவரே கடற்கரை மணல்.
கறுப்பு, சிவப்பு, நடுவில் தேன்நிறத்தில் மோனசைட்.
மீட்டர் தூக்கி வந்தவர்களில்
சிலர் பயப்படு என்றார்கள், சிலர் பயப்படாதே என்றார்கள்.
எல்லாருக்கும் அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

அந்த வீட்டு வாசலுக்குத்தான்
எமரென்சியா அக்கா வந்தாள்,
கையில் ஒரு கட்டுச் சீந்தில்.
கழுத்துக்குக் கீழே
ஆஸ்பத்திரியில் போட்ட நீலமைக் குறுக்குக்கோடு
சேலை விலகும்போது தெரிந்தது.
இருபத்தைந்தில் பதினொன்று முடிந்திருந்தது.

"நீ படிக்கது இதுதானே பிள்ளே.
தெனமும் ஒரு கிளாஸ் குடிச்சா
கரண்டு வைக்கது சுடாதுல்லா?"

குடிக்காதீங்க என்றேன்.
என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.
மூன்று வருஷம், நாலு பஸ் மாற்றம்,
கையில் ஊசிக்குத்தின தழும்பு,
எல்லாம் அந்தக் கொடிக்காக.
முழங்கையில் கட்டோடு ஒருத்தி வந்து நிற்கும்போது
வேண்டாம் என்கிறேன்.

எது அக்காவின் செல்,
எது அக்காவைத் தின்னும் செல்,
கொடிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.
கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டால்?
டாக்டரிடம் கேளுங்க, அவங்க சொல்லாமல் எதுவும் வேண்டாம் என்று
நோட்டில் எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொன்னேன்.

அக்கா கொஞ்சநேரம் கட்டையே பார்த்தாள்.
பிறகு சிரித்தாள்.
"அப்ப இவன் நம்ம சாமியாரு மாதிரிதான்.
தீர்த்தம் தெளிக்கும்போ
நல்லவன் கெட்டவன் பாக்கமாட்டாரு."

வேலிமேல் வீசிவிட்டுப் போனாள்.

இருபத்தைந்தும் முடிந்தது.
மார்பில் தோல் கறுத்து உரிந்தது.
விசிறியோடு உட்கார்ந்திருந்தவளிடம்
எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு
பதில் வருமுன் தரையைப் பார்த்தேன்.
வால் குட்டையான இரவுகளை நினைத்தேன்.
நான் சொன்னது சரிதான் என்றும் நினைத்தேன்.
இரண்டும் ஒன்றையொன்று நகர்த்தவில்லை.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு
முடிவுரை கேட்கிறார் கைடு.
"மனித உடலில் தெரியாது" என்ற ஒரு வரி இருக்கிறது.
இன்னும் கொஞ்சம் நம்பிக்கையாக எழுதச் சொல்கிறார்.

இன்று காலை பல்தேய்க்கும்போது பார்த்தேன்,
வேலியில் அக்கா எறிந்த கொடி
மஞ்சளாய் ஒரு வேர் இறக்கியிருக்கிறது, நூல் கனத்தில்.
பிரஷை வாயில் வைத்தபடி ஸ்கேல் எடுத்துவந்தேன்,
பழக்கதோஷம்.
மணலுக்கு இன்னும் பதினெட்டு சென்டிமீட்டர்.